சுத்த ரத்தம் குடித்த கொசுக்கள்

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி இருக்கிறது. மலேரியா நோயாளியின் ரத்தத்தைக் கொசுக்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் வேறொரு கோப்பைக் கொசுக்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நோயில்லாதவர் யாராக இருந்தாலும் சரி, இயக்குநரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் சரி, முதலில் அவர் விரலைக் குத்தி ஸ்லைடில் பார்த்துவிட்டுத்தான் ரத்தம் எடுக்கலாம். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலி ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

"சார், நான் நல்லாத்தான இருக்கேன்? எனக்கு எதுக்கு ஸ்லைடு? எங்க ரத்தத்தையே நம்பாத இந்த ரூல நீங்கதான் கொண்டுவந்தீங்கன்னு சொல்லுதாங்களே?"

கொண்டுவந்தவர் நான் இல்லை, ரஸியா மேடம். ஆனால் அது வந்த கதையில் நான் பக்கத்திலேயே இருந்தேன். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் தெலுங்கு பேசும் பக்கத்துப் போலாரம்காரன். கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்க வேலூரிலிருந்து வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் திரும்பிப் போகத் தோன்றவில்லை. படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் 'இன்செக்ட் கலெக்டர்'. என் மாமா அதில் பின்பாதியை மட்டும் சொல்லி எனக்குப் பெண் தேடினார். மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்து, அங்கே உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். குழலுக்கு நடுவில் வலைத்துணி இருக்கிறது, கொசு வாய்க்குள் போகாது. போகாது என்று நம்புவதற்குத்தான் பயிற்சிக் காலம் முழுதும் ஆயிற்று. பிறகு கொசு வளர்க்கும் அறைக்கு மாற்றினார்கள். புழுக்களுக்கு நாய் பிஸ்கட் பொடி, பறக்கும் கொசுக்களுக்கு ஊறவைத்த திராட்சை. என் பிள்ளைகளைவிட அவை ஒழுங்காகச் சாப்பிட்டன என்று என் மனைவி சொல்வாள்.

ரஸியா மேடம்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். பழைய நகரத்தில் பிறந்தவர், கணவர் காலமான பிறகு போலாரத்தில் ஓர் அபார்ட்மென்டில் தனியாக இருந்தார். அவர் பேசியது தக்கனி, இந்தப் பக்கத்து உருது. இங்கே நான் தமிழில் எழுதுகிறேன், வேண்டாம் என்பதற்கு அவர் சொல்லும் நக்கோவையும் ஆமாம் என்பதற்குச் சொல்லும் ஹவ்வையும் மட்டும் தொடவில்லை. தொட்டால் மேடம் மேடமாக இருக்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பதற்கு முன்னால், "ஸ்வாமி, என்ன தெரியும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் பார்க்க விடமாட்டார். "பார்த்த பிறகு எல்லாரும் புத்திசாலிதான். பார்க்கிறதுக்கு முன்னால் சொல்லு." நான் சொன்னது தப்பாகிவிட்டால் கோபப்படவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா நுனியில் துடைத்துக்கொண்டே, "கைக்கு?" என்பார். ஏன் என்று அர்த்தம். அந்தக் 'கைக்கு'வுக்குப் பதில் தேடியே என் பாதி உத்தியோகம் போனது.

அவருடைய பெரிய 'கைக்கு' இதுதான்: மலேரியா வந்தவர்களில் சிலரைக் கடித்த கொசு நோயை எடுத்துக்கொண்டு போகிறது, சிலரைக் கடித்த கொசு வயிற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு போகிறது. ஏன்?

ஒரு தடவை ஜுரத்தில் கட்டிலே ஆட நடுங்கிய லாரி டிரைவர் ஒருவரின் ரத்தத்தைக் கொடுத்தோம். ஸ்லைடு முழுக்கக் கிருமி. ஆனால் அதைக் குடித்த கொசுக்களில் ஒன்றுகூடக் கிருமியைப் பிடித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் காட்டு ஜில்லாவிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். ஜுரமும் இல்லை, தலைவலியும் இல்லை. சும்மா கூட வந்தவர். எங்கள் ரொட்டியை வேறு பங்கு போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் ரத்தத்தைக் குடித்த கொசுக்களில் பெரும்பாலானவை நோயைச் சுமந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேடம்தான் விளக்கிக் காட்டினார். ஜுரம் தரும் கிருமி ஒரு வடிவம், கொசுவுக்குப் போகும் கிருமி வேறு வடிவம். அது பிறை போல வளைந்திருக்கும். பிறைகளில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மனுஷனுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே காத்திருக்கும். கொசு குடித்ததும், அதன் வயிற்றில் சூடு குறைகிறது அல்லவா, அந்தக் குளிர் பட்டதும் விழித்துக்கொள்ளும். ஆண் பிறை உருண்டையாகி உடம்பை உதறும், சாட்டை சாட்டையாக நூல்கள் கிளம்பி ஓடும். பெண்ணைத் தேடித்தான். ஒரு துளி ரத்தத்தை ஆறவிட்டுக் கண்ணாடியில் இதை முதல் முறை பார்த்த அன்று என் பஸ்ஸை விட்டுவிட்டேன், அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். மனுஷ உடம்பில் கல்யாணத்துக்குக் காத்திருந்து கொசுவின் வயிற்றில் மணமுடிக்கிற ஜீவன்! இதைவிட அதிசயத்தை நான் எந்தக் கோயில் கோபுரத்திலும் பார்த்ததில்லை.

குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும் என்பதால், சோதனையில் ரத்தத்தை ஆறவே விடக்கூடாது. நரம்பிலிருந்து எடுத்த குழாயை உடம்புச் சூடுள்ள வெந்நீர் ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு ஓடி வருவோம். மணி போன்ற ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதைச் சுற்றி வெந்நீர் ஓடும். கிண்ணத்தின் அடியில் மெல்லிய மெழுகுப் படலத்தை இழுத்துக் கட்டி, உள்ளே ரத்தத்தை விட்டால் அதுதான் கொசுவுக்குத் தோல். காலையிலிருந்து பட்டினி போட்ட பெண் கொசுக்கள் கீழே காகிதக் கோப்பையில், வலைக்கு அடியில் இருக்கும். கிண்ணத்தை வலைமேல் வைத்து, அறையை இருட்டாக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆடக்கூடாது, இருமக்கூடாது. குடித்தவற்றின் வயிறு சிவந்து பளபளக்கும். குடிக்காதவற்றைப் பொறுக்கி வெளியே எடுத்துவிட்டு, குடித்தவற்றை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்து, ஒவ்வொன்றாக ஊசிமுனையால் குடலை இழுத்துச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். நோய் ஏறியிருந்தால் குடல் சுவரில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். கொசு எச்சிலுக்குக் கிருமி வந்து சேர்வதற்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்கே ஆபத்து.

இப்போது மேடத்தின் அபார்ட்மென்டுக்கு வருகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் அங்கே மூன்று பேருக்கு மலேரியா வந்தது, மூளையைத் தாக்கும் மோசமான ரகம். மூன்றாவது ஆள் கவிதா, ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் புருஷன் செந்தில்நாதன் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனி வேலை, அபார்ட்மென்டு சங்கத்தின் செயலாளர். கவிதா ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் கிடந்த நாட்களில் மனுஷன் அரை ஆளாகிவிட்டார். தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய பயமெல்லாம் கோபமாகி ஒரே ஒருத்தன் மேல் திரும்பியது.

கேட் பக்கத்து அறையில் குடியிருந்த வாட்ச்மேன் புத்ராம். சத்தீஸ்கரின் காட்டுப் பக்கத்திலிருந்து மனைவி சுக்மதியோடும் கைக்குழந்தையோடும் அந்த வருஷம்தான் வந்தவன். மலேரியா காட்டு நோய், அவன் காட்டு ஆள். அபார்ட்மென்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கே போதும். சங்கம் கூடி, மாதக் கடைசியில் அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டது. வேலை போனால் அறை போகும், அறை போனால் அந்த மழையில் குழந்தையோடு நடுத்தெருதான்.

மேடம் தலையிட்டார். என்னையும் எங்கள் களப்பணியாளர் யாதகிரியையும் அழைத்துக்கொண்டு போய்ப் புத்ராமின் விரலைக் குத்தி ஸ்லைடு எடுத்தார். ஒன்றும் இல்லை. அதைச் செந்தில்நாதனிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"ஸ்லைடுல இல்லீன்னா ஒடம்புல இல்லீன்னு அர்த்தமாங்க? கொஞ்சமா இருந்தா ஸ்லைடுல தெரியாது, ஆனா கொசுவுக்குப் போயிரும்னு மேடமே எழுதியிருக்காங்க. நெட்டுல தேடிப் படிச்சுட்டேனுங்க. எனக்குப் புள்ள பொறக்கப் போகுதுங்க சார். எப்புடி நம்பி இருக்கறது?"

நான் மேடத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஹவ், அவர் சொல்வது சரி," என்றார். "அப்படியானால் கொசுக்களையே கேட்போம். புத்ராம் கொடுக்கிறான் என்று கொசு சொன்னால் மருந்து கொடுத்துக் குணப்படுத்துவோம். இல்லை என்று சொன்னால் அவனை விட்டுவிட வேண்டும். பதில் வரும்வரை அவன் அறையில் இருக்கட்டும்." செந்தில்நாதன் ஒத்துக்கொண்டார்.

புத்ராமை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தோம். காக்கிச் சட்டையின் கையை மடித்து நீட்டினான். நரம்பிலிருந்து ரத்தம் ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "சாப், இதைக் குடித்தால் அந்தக் கொசுவுக்கு ஜுரம் வருமா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. ஜுரம் வராது என்றேன். மேடம் உள்ளே இருந்து, "நல்ல கேள்வி! உனக்கு யார் சொன்னது வராது என்று?" என்று என்னை மடக்கினார். நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நோயில்லாத ரத்தம் வேண்டுமே. அதை எங்கள் ஆட்களே முறைவைத்துக் கொடுப்போம். நாங்கள் அதற்கு வைத்திருந்த செல்லப் பெயர் 'சுத்த ரத்தம்'. அன்று என் முறை. நான் கையை மடித்தேன், மேடம் தடுத்தார். "நக்கோ ஸ்வாமி. நீ கிண்ணத்தைப் பிடிக்க வேண்டிய ஆள், கை நடுங்கக்கூடாது. என் ரத்தத்தை எடு." அவருக்கு ஸ்லைடு பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாதகிரிக்கும் தோன்றவில்லை, மேடத்துக்கும் தோன்றவில்லை. மாதம் தவறாமல் காட்டு ஜில்லாக்களுக்குப் போய் வருகிறவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் குளோரோகுயின் மாத்திரை போட்டுக்கொள்வோம். மாத்திரை போடுகிற நமக்கு ஏன் வரப்போகிறது? ஊரில் உள்ளவர் விரலையெல்லாம் குத்தியவர்கள் எங்கள் விரலை மட்டும் குத்தியதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதுதான்.

காத்திருந்த நாட்களில் யாதகிரி அபார்ட்மென்டு மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தார். மூடி உடைந்த ஒரு தொட்டியில் மலேரியாக் கொசுவின் புழுக்கள், தண்ணீர்மட்டத்தில் படுத்தாற்போல மிதந்துகொண்டிருந்தன. கீழே இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "அன்னா, கேட் அந்தக் கோடியில. தொட்டி இந்தக் கோடியில, மேடம் பிளாக்குக்கு மேலே. ஜுரம் வந்த மூணு வீடும் இந்தக் கோடிதான். ஏமோ, எனக்குப் புரியல." எனக்கும் புரியவில்லை.

கொசுக்களை அறுக்கும் நாள் வந்தது. புத்ராமின் கோப்பையை முதலில் எடுத்தேன். "என்ன நினைக்கிறாய்?" என்று மேடம் கேட்டார். "இருக்காது மேடம்," என்றேன். ஒவ்வொரு குடலாக இழுத்துப் பார்த்தேன், கடைசி வரைக்கும் சுத்தம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுந்து கையைக் கழுவப் போனேன்.

"சுத்த ரத்தக் கோப்பை?"

"அது எதற்கு மேடம்? வழக்கம்போலத்தானே."

"என்ன நினைக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் பார்."

"சுத்தம்," என்று சொல்லிவிட்டு, ஒப்புக்கு ஒரு கொசுவை எடுத்துக் குடலை இழுத்தேன். சாயத்தில் சிவந்த குடல் சுவரில் உருண்டைகள், ஒன்றல்ல, கொத்தாக. அடுத்த கொசுவிலும் அப்படியே. அதற்கடுத்ததில் இல்லை, அதற்கும் அடுத்ததில் மறுபடி இருந்தது. மேடம் பக்கத்தில் வந்து நின்றார். நான் நகர்ந்துகொண்டேன், அவர் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்டிக்கர் மாறியிருக்கும் மேடம்," என்றேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"மாறியிருந்தால் என்ன அர்த்தம்?"

"இது புத்ராமின்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன். மாறியிருந்தால் சங்கம் சொன்னதுதான் சரி. நான் அதைத்தான் ஆசைப்பட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. மேடம் மோதிர விரலை என் முன்னால் நீட்டினார்.

குத்தினேன். தடியான பூச்சாகத் தடவி, உலர்த்தி, சாயம் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை என்ன நினைக்கிறாய் என்று அவரும் கேட்கவில்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். இல்லை, இல்லை, இல்லை என்றே போனது. கிட்டத்தட்ட எழுந்துவிட்டேன். அப்போது ஒரு மூலையில் அழகாக, தனியாக ஒரு பிறை. இன்னும் தள்ளிப் போனால் இன்னொன்று. அந்தப் பிறைகளை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெறுத்தேன்.

"மைச் ஹை நா?" என்றார் மேடம். நான்தானே, என்று. தலையை ஆட்டினேன்.

அழுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கைக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு அவரே பதிலை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்தக் காட்டுக் கிருமிகளிடம் அந்த மாத்திரை மழுங்கிவிட்டது. ஜுரம் வராத அளவுக்கு மட்டும் அடக்கி வைத்திருக்கிறது. பிறைகளை அது தொடவே தொடாது. வாராவாரம் மாத்திரை, மாடியில் உடைந்த தொட்டி, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் பழக்கம். "என்ன அழகாகப் பொருந்துகிறது பார், ஸ்வாமி," என்றார். அந்த நேரத்திலும் அவர் குரலில் இருந்தது ஆர்வம்தான். கடைசியில் மட்டும் குரல் உடைந்தது. "பாவம், அந்தப் பெண் மாசமாக இருந்தாளே."

யாரிடமும் சொல்ல வேண்டாம், புத்ராமிடம் இல்லை என்று மட்டும் அறிவித்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். "அது போதாது," என்றார். "அவனிடம் இல்லை என்றால், அவன் மனைவியிடம் என்பார்கள். குழந்தையிடம் என்பார்கள்." அன்றே பிறைகளைக் கொல்லும் மருந்தையும் சேர்த்து முழுச் சிகிச்சையைத் தொடங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அபார்ட்மென்டின் கார் நிறுத்துமிடத்தில் சங்கம் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தட்டில் பிஸ்கட். தீர்ப்பு என்னவென்று யாரும் சொல்லாமலே புத்ராம் தள்ளுவண்டி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, பாத்திரம் துணியெல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி, கேட் ஓரம் நிறுத்தியிருந்தான். அவனுக்கு இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. கவிதாவும் மெதுவாக இறங்கி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் எழுந்து, ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னார். "புத்ராமின் ரத்தத்தைக் குடித்த கொசுக்களுக்கு நோய் இல்லை. என் ரத்தத்தைக் குடித்தவற்றுக்கு இருந்தது. இந்தக் கட்டடத்தில் கொசுக்களுக்கு மலேரியாவைக் கொடுத்துக்கொண்டிருந்தது அநேகமாக நான்தான்."

முதலில் பேசியது கவிதா. "உங்களுக்கு ஜுரமே வரலையா மேடம்?"

"ஒரு நாள்கூட வரவில்லை, பேட்டா," என்றார் மேடம், மகளிடம் சொல்வதுபோல.

பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ராவ்காரு தொண்டையைச் செருமினார். "அம்மா, டெஸ்ட் தப்பாக இருக்கலாம். மிஷின்தானே. நிச்சயமாகச் சொல்ல முடியுமா?"

"நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் புத்ராம் விஷயத்தில் நீங்கள் டெஸ்டே கேட்கவில்லையே."

"நீங்கள் தெரிந்தா செய்தீர்கள்? ஊருக்கு உழைக்கப் போன இடத்தில் வந்தது."

"அவனுக்கு வந்திருந்தால், அவன் தெரிந்தா செய்திருப்பான்?"

ராவ்காரு பிஸ்கட் தட்டைப் பார்த்தார். யாரோ ஒருவர் மேடத்துக்கு டீ கொண்டுவரச் சொன்னார். மேடம் உட்காரவில்லை.

"செக்ரட்டரி ஸாப்," என்று செந்தில்நாதனைப் பார்த்தார். "நான் எப்போது காலிசெய்ய வேண்டும்?"

அவர் முகம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விடுவார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். ஆனால் குனிந்தவனைக் கண்டால் குட்டத் தோன்றுகிற கை எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். கவிதா அவர் தோளைத் தொட்டாள்.

"என்னங்க, போயி அந்தக் கயித்த அவுத்து உடுங்க."

அவர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். மேடம் முன்னால், செந்தில்நாதன் அவர் பின்னால், நாற்காலியை விட்டு எழுந்த மொத்தச் சங்கமும் அதற்குப் பின்னால் என்று கேட்டை நோக்கி நடந்தோம். அங்கே பேசிய ஆங்கிலமும் தெலுங்கும் புத்ராமுக்கு எட்டியிருக்கவில்லை. இவ்வளவு பேர் தன்னை நோக்கி வருவதை அவன் பார்த்தான், குழந்தையைச் சுக்மதியிடம் கொடுத்தான். காக்கிச் சட்டையின் வலது கையைச் சரசரவென்று முழங்கைக்கு மேல் மடித்து, மேடத்துக்கு முன்னால் கையை நீட்டினான்.

"ஃபிர் லேங்கே கியா, மேடம்?" மறுபடியும் எடுக்கப் போகிறீர்களா, என்றான்.

ஆய்வுக்கூடத்தில் அழாத மேடம் அங்கே அழுதார். "நக்கோ, பய்யா. அப் நக்கோ," வேண்டாம் தம்பி, இனி வேண்டாம், என்று சொல்லிக்கொண்டே, மடித்த சட்டைக் கையைத் தானே கீழே இறக்கிவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுவிட்டார்.